இரண்டாவது டிரான்ஸ்ஃபர் கேஸ்: என் 85 டொயோட்டாவுக்குச் செய்ததில் உருப்படியான செலவு

என்னிடம் இருப்பது 1985 டொயோட்டா பிக்கப். 22-ஆர்இ எஞ்சின், ஐந்து கீர், நான்கு சக்கர ஓட்டம். அமெரிக்காவில் விற்ற டொயோட்டா பிக்கப்புகளில் முன்பக்கம் ஒரே முழு அச்சுடன் வந்த கடைசி வருடம் அது. 86-இலிருந்து முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்புக்கு மாறிவிட்டது. நாற்பது வயதான இந்த வண்டியை, பாறை மேல் வண்டி ஓட்டுகிறவர்கள் இன்றும் தேடி வாங்குவதற்கு முதல் காரணம் அந்த அச்சுதான். ஒரு சக்கரம் பாறை மேல் ஏறினால் அதே அச்சு மறு சக்கரத்தைத் தரையோடு அழுத்தும். உடைந்தால் காட்டுக்குள்ளேயே கழற்றி மாட்டலாம்.

நான் கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோ பக்கம் இருக்கிறேன். பிறந்தது நாமக்கல். அப்பாவுக்கு லாரிகளுக்குப் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங், வேலை செய்யும் பட்டறை இருந்தது. பள்ளி விட்டு வந்தால், பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுக்குக் கிரீஸ் தடவுவது என் வேலை. அதனால் வண்டிக்கு அடியில் படுப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் பாறை மேல் வண்டி ஓட்டுவது முற்றிலும் வேறு கணக்கு. அந்தக் கணக்கைச் சரிசெய்த பொருளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்: ஃபிரெஸ்னோவில் இருக்கும் மார்லின் கிராலர் நிறுவனத்தின் இரட்டை டிரான்ஸ்ஃபர் கேஸ் இணைப்பு. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்றால் எஞ்சின் சக்தியை இரண்டு அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கிற கீர் பெட்டி, விவரம் கீழே வரும். டொயோட்டா ஓட்டுகிறவர்கள் நடுவே இந்த யோசனையைப் பெரிதாகப் பரப்பியவர்கள் அவர்கள். நான் இரண்டு கோடைக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

முதலில் நடந்த தவறைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வண்டி வாங்குகிற பலரும் அதே இடத்தில்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். வண்டி வாங்கிய புதிதில் ஒரு பட்டறைக்குப் போனேன். பெயர் வேண்டாம். "பாறையா? நாலு அங்குலம் தூக்கு, 33 அங்குல டயர் போடு, மீதியை அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். போட்டேன். பார்க்க வண்டி அருமையாக இருந்தது. முதல் தடவை பாறைக்குப் போனபோது, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் ஏறியிருக்கக்கூடிய மேட்டில்கூடக் கிளட்ச் தீய்ந்த வாசனை வந்தது. டயர் நன்றாகத்தான் பிடித்தது. வண்டி மெதுவாகப் போக மறுத்தது, அவ்வளவுதான்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. என் கீர்பாக்ஸில் முதல் கீர் 3.95. டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ, அதாவது மெதுவாக ஓட்டும் நிலை, 2.28. அச்சில் இருக்கும் கிரவுன் பினியன் 4.10. மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது. எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய 225/75 ஆர்15 டயர் ஏறக்குறைய 28 அங்குல உயரம். அதில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் விட்டால் வண்டி மணிக்கு 2.9 கிலோமீட்டர் போகும். 33 அங்குல டயர் போட்டதும் அதே எஞ்சின், அதே கீரில் 3.4 கிலோமீட்டர். பெரிய டயர் என்றால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம். அதாவது காசு கொடுத்து, பாறை மேல் வண்டியை வேகமாக்கி, இழுவையைக் குறைத்திருந்தேன்.

மணிக்கு 3.4 கிலோமீட்டர் என்பது நடப்பதைவிடக் குறைவுதானே என்று தோன்றும். முழங்கால் உயரக் கருங்கல் முன்னால் நிற்கும்போது அது ஓட்டம். டயர் கல்லில் முட்டும், எஞ்சின் அணையப் பார்க்கும், கிளட்ச்சைப் பாதி மிதிப்பீர்கள், அது வழுக்கிச் சூடாகும். இல்லாவிட்டால் வேகமெடுத்து மோதுவீர்கள், வண்டி எகிறி விழும், விழுகிற இடத்தில் ஏதாவது உடையும். பாறையில் உடைகிற சாமான்களில் பெரும்பாலானவை மோதலில்தான் உடைகின்றன.

சரி, பெட்டிக்கு வருகிறேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கீர்பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து, சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. ஹை, லோ இரண்டும் அதற்குள்தான். அந்தக் காலத்து டொயோட்டா பெட்டிக்கு ஒரு சிறப்பு உண்டு. உள்ளே சங்கிலி கிடையாது, எல்லாமே பற்சக்கரம். அதோடு வேகத்தைக் குறைக்கும் முன்பாதியும், சக்தியைப் பிரிக்கும் பின்பாதியும் தனித்தனியாகக் கழன்று வரும். ஆகவே பழைய சாமான் கிடங்கிலிருந்து இன்னொரு டொயோட்டா பெட்டியை வாங்கி, அதன் முன்பாதியை மட்டும் எடுத்து, நம் வண்டியின் கீர்பாக்ஸுக்கும் முழுப் பெட்டிக்கும் நடுவில் செருகிவிடலாம். இரண்டையும் சேர்க்க ஒரு தடித்த இணைப்புத் தட்டும், உள்ளே பல் வெட்டிய ஒரு கப்ளிங்கும் வேண்டும். மார்லின் கிராலர் விற்கிற சாமானின் சாரம் அந்தத் தட்டும் கப்ளிங்கும்தான்.

இப்போது கணக்கு: 3.95 பெருக்கல் 2.28 பெருக்கல் இன்னொரு 2.28 பெருக்கல் 4.10. வருவது 84. அதே 33 அங்குல டயரில், அதே 800 சுற்றில், மணிக்கு 1.5 கிலோமீட்டர். வண்டி ஒரு நொடிக்கு ஒரு முழத்துக்கும் குறைவாக நகரும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். இந்தப் பெட்டிகளின் உள்ளீட்டுக் கீரில் 21 பல் உள்ளதும் உண்டு, 23 பல் உள்ளதும் உண்டு. என்னுடையது மாதிரி நான்கு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் 21. டர்போவிலும் வி6-இலும் 23. கிடங்கில் கிடக்கிற பெட்டி எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. விற்பவர் வாயால் சொல்வதை வைத்து வாங்காமல், டார்ச் அடித்து நீங்களே எண்ணுங்கள். எனக்குக் கிடைத்த முதல் பெட்டி 23. எண்ணிப் பார்த்ததால் காசு கொடுக்காமல் திரும்பினேன். இரண்டாவது சரியாக இருந்தது. அதையும் முழுக்கப் பிரித்து, பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட்டேன். பழைய பெட்டியை அப்படியே செருகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு சீல் கசிந்தால் அதைப் பார்க்க மொத்தத்தையும் இறக்க வேண்டும்.

சாமானின் தரத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தட்டின் முகம் கண்ணாடி மாதிரி சமமாகக் கடைந்திருந்தது. கீர்பாக்ஸ் பக்கம் வைத்ததும் ஊசியளவு ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்தது. போல்ட்டுத் துளைகளில் ஒன்றையும் ராவ வேண்டியிருக்கவில்லை. கடைசல் வேலை தெரிந்தவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தாலே இதன் மதிப்பு தெரியும்.

மாட்டும் வேலையைப் பிளாசர்வில் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் கொடுத்தேன், நானும் கூடவே நின்றேன். இரண்டரை நாள் ஆனது. கேஸ் மாட்டுவது அதில் ஒரு நாள் வேலைதான். மீதி நேரம் அதைச் சுற்றி உள்ளவற்றுக்குப் போனது. பெட்டி அரை அடி அளவுக்குப் பின்னால் நகர்ந்துவிடுவதால் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் மாற்ற வேண்டும். முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை நீட்ட வேண்டும், பின்னதைக் குறைக்க வேண்டும். புது லிவருக்குத் தரையில் துளை போட வேண்டும். கிடங்குப் பெட்டி, பேரிங், ஷாஃப்ட் வேலை, கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 2,000 டாலரைத் தாண்டியது. முதலில் டயருக்கும் தூக்குவதற்கும் செலவழித்த தொகையும் கிட்டத்தட்ட அதேதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் மனசு கேட்பதில்லை.

ஓட்டுவது எப்படி இருக்கிறது? பட்டறைக்கு வெளியே ஒரு மண்மேடு இருந்தது. இரண்டு லிவரையும் லோவில் போட்டு, முதல் கீரில் கிளட்ச்சை விட்டேன். வண்டி அசைகிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்து டயரைப் பார்க்க வேண்டியிருந்தது. எட்டிப் பார்க்கையில் டயரின் ஒவ்வொரு கட்டையும் மண்ணை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திக்கொண்டு போவது தெரிந்தது. எஞ்சின் சத்தத்தில் மாற்றமே இல்லை. அந்த 116 குதிரைத்திறன் எஞ்சின் மேல் எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது. அதன் பலம் போதாது என்று மூன்று வருடமாக நினைத்திருந்தேன்.

அப்புறம் ரூபிகான். லூன் லேக்கிலிருந்து டாஹோ ஏரிப் பக்கம் உள்ள டஹோமா வரை சியரா நெவாடா மலையைக் கடக்கும் பாதை, 22 மைல் என்பார்கள். 1953-இலிருந்து ஜீப்காரர்கள் கூட்டமாக வந்து போகிற இடம். முழுக்கக் கருங்கல். வெள்ளையும் சாம்பலும் கலந்த பெரிய பெரிய பாறைத் தளங்கள், நடுநடுவே வண்டியளவு உருண்டைக் கற்கள், சரிவில் பைன் மரங்கள். பனி உருகி ஜூலை வாக்கில்தான் சுகமாகப் போக முடியும், அப்போது கொசுவும் உச்சத்தில் இருக்கும். எண்ணெய் சிந்தினால் துடைக்கும் சாமானும், மனிதக் கழிவைத் திரும்பக் கொண்டுவரும் பையும் கூடவே எடுத்துப் போக வேண்டும். அங்கே உள்ள ஏரித் தண்ணீரைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

டயர் காற்றை 12 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். அந்தப் பாதையில் லிட்டில் ஸ்லூஸ் என்ற பகுதிக்கு வந்தேன், முந்தின வருடம் நான் கிளட்ச்சைக் கருக்கிய அதே இடம். இந்த முறை காலைத் தரையில் வைத்துக்கொண்டேன். மூன்று பெடலிலும் கால் இல்லை. ஸ்டியரிங் மட்டும்தான். இடது முன் டயர் கல்லின் விளிம்பைத் தொட்டது, கொஞ்சம் நசுங்கியது, பிடித்தது, ஏறியது. வெளியே நின்று வழிகாட்டிய நண்பர் ஒவ்வொரு சக்கரத்துக்கும் எங்கே வைக்க வேண்டும் என்று கை காட்ட நேரம் இருந்தது, அதைப் பார்த்துத் திருப்ப எனக்கும் நேரம் இருந்தது. இந்தப் பெட்டி கொடுக்கிற பெரிய வரம் அந்த நேரம்தான். இழுவை இரண்டாவது.

எஞ்சின் ஒரு செங்குத்தில் அணைந்துபோனது. கீரை எடுக்காமல் அப்படியே ஸ்டார்ட் செய்தேன். ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை மேலே தள்ளிக்கொண்டு போய் எஞ்சினைப் பிடிக்க வைத்தது. பழைய அமைப்பில் அந்தச் சரிவில் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒரே காலால் சமாளிக்கப் பார்த்து வண்டி பின்னால் உருண்டிருக்கிறது. கேடிலாக் ஹில் இறக்கத்தில் திரும்பி வரும்போதும் பிரேக் சூடாகவே இல்லை, எஞ்சினே பிடித்து இறக்கியது.

இன்னொரு வசதி நான் எதிர்பாராதது. முன்பெட்டியை லோவில் வைத்துவிட்டுப் பின்பெட்டியை இரண்டு சக்கர ஓட்டத்தில் விடலாம். மரங்களுக்கு நடுவே குறுக்கே திரும்பும்போது முன் அச்சுக்கு வேலை கொடுக்காமல் மெதுவாகத் திரும்ப முடிகிறது. டிரெய்லரில் ஏற்றவும் அதுவே நல்லது.

குறைகளும் உண்டு. முதலாவது, நெடுஞ்சாலையில் பற்சக்கரச் சத்தம் கூடுகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் பேச்சைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். பின் ஷாஃப்ட் குட்டையானதால் அதன் சாய்வு கூடிவிட்டது. ஷாஃப்ட்டின் முனையில் உள்ள மூட்டான யூ.ஜே. கிராஸ் சீக்கிரம் தேய்கிறது. வருடத்துக்கு ஒன்று மாற்றுகிறேன்.

பெரிய குறை வேறு. இது பெட்டியின் குற்றம் இல்லை, ஆனால் விற்பவர்கள் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 37 என்பது 84 ஆகிறபோது பெட்டிக்குப் பின்னால் உள்ள எல்லாச் சாமானும் இரண்டேகால் மடங்கு முறுக்கைத் தாங்க வேண்டும். எது பலவீனமோ அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். இந்த வண்டியில் அது முன் சக்கரத்துக்குள் இருக்கும் பிர்ஃபீல்ட் ஜாயிண்ட், சக்கரம் திரும்பியிருந்தாலும் அதைச் சுற்ற வைக்கும் மூட்டு. சக்கரம் முழுக்கத் திரும்பிய நிலையில், டயர் கல்லில் மாட்டிக்கொண்டிருக்கும்போது முறுக்கு ஏறினால் அதன் வெளிக்கூடு விரிந்து பிளக்கும்.

எனக்கு இரண்டாவது பயணத்தில் பக் ஐலண்ட் ஏரிக்கு முன்னால் அது நடந்தது. வலது பக்கம் "டங்" என்று கோவில் மணியை ஒரே ஒருமுறை தட்டியது போல ஒரு சத்தம். அப்புறம் திரும்பும்போதெல்லாம் நறநறவென்று அரைத்தது. அங்கேயே ஜாக்கி வைத்துத் தூக்கி வேலை பார்த்தோம். ஹப்பின் ஆறு நட்டைக் கழற்றி, கூம்பு வாஷர்களைப் பித்தளைக் கம்பியால் தட்டி விடுவித்து, 54 மில்லிமீட்டர் நட்டைக் கழற்றி, பேரிங்கோடு ஹப்பை உருவி, ஸ்பிண்டிலை எடுத்தால் ஷாஃப்ட் வெளியே வரும். உள்ளே கறுப்புக் கிரீஸும் கியர் ஆயிலும் கலந்து கூழாகக் கிடந்தது. அச்சுக்குள் இருக்கும் சீல் ஏற்கெனவே போயிருந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். கையில் உபரி ஜாயிண்ட் இருந்ததால் இரண்டு மணி நேரத்தில் கிளம்பினோம். 54 மில்லிமீட்டர் சாக்கெட் இல்லாமல் இந்த வண்டியைக் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பக்க நக்கிளையும், அதாவது முன் சக்கரம் திரும்பும் மூட்டையும், முழுக்கப் பிரித்துச் செய்தேன். மேலும் கீழும் உள்ள பேரிங், உள் சீல், துடைக்கும் ஃபெல்ட் வளையம் எல்லாம் புதிது. பேரிங் இறுக்கம் சரியா என்று பார்க்க மீன் எடை போடும் கொக்கித் தராசைக் கட்டி இழுத்தால் போதும். ஜாயிண்ட்டுக்குக் குரோமோலி எஃகில் செய்ததைப் போட்டேன். கேஸ் வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அப்பாவிடம் அந்தப் பயணத்தின் வீடியோவைக் காட்டினேன். பெட்டி, கணக்கு எதையும் அவர் கேட்கவில்லை. ஒரு சக்கரம் காற்றில் தொங்குகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"சாமி, பட்டை பாரம் தாங்கறதுக்கு மட்டுமில்ல. சக்கரத்தைத் தரையில வெச்சிருக்கறதுக்கும்தான். இது வெறப்பா நிக்குது, மடங்கவே மாட்டேங்குது."

"என்னங்கப்பா பண்றது?"

"நீளப் பட்டையாப் பாத்து மாத்து. மாத்திட்டு நூறு கிலோமீட்டர் ஓட்டினதும் யூ போல்ட்டை மறுபடியும் முறுக்கு. மறந்துராத."

அவர் சொன்னதும் இங்கே பாறைக்காரர்கள் செய்வதும் ஒன்றுதான். செவ்ரலே பிக்கப்பின் 63 அங்குலப் பின்பட்டையை டொயோட்டாவின் பின்னால் போடுவது இங்கே பழைய வழக்கம். ஐந்தேகால் அடி நீளம், மெதுவாக வளையும். முதல் பட்டறை போட்ட நாலு அங்குலத் தூக்குப் பட்டையைக் கழற்றி இதைப் போட்டேன். இப்போது சக்கரம் பள்ளத்தில் இறங்கிப் பிடிக்கிறது. கேஸுக்கு அடுத்தபடியாக வண்டியை மாற்றியது இதுதான். லாரிப் பட்டறையில் நாற்பது வருடம் நின்றவர் ஒரே பார்வையில் கண்டதை, நான் முதலில் போன பட்டறையில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

எஞ்சினை நான் தொடவில்லை. கலிஃபோர்னியாவில் 1976-உம் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் வண்டி என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைச் சோதனையில் தேற வேண்டும், அதனால் அது தொழிற்சாலை நிலையிலேயே இருப்பது நல்லது. டைமிங் செயினை மட்டும் மாற்றினேன். இந்த எஞ்சினில் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டி உடைந்துபோனால் செயின் உரசித் தன் மூடியையே அறுத்து, குளிர்விக்கும் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிடும். இரும்பு முதுகு வைத்த வழிகாட்டி கிடைக்கிறது, அதையே போடுங்கள்.

யார் வாங்கலாம்? வாரம் முழுக்க வேலைக்கு ஓட்டுகிற வண்டி, வருடத்துக்கு ஒருமுறை மண்பாதை என்றால் வேண்டாம். சத்தமும் கிராஸ் தேய்மானமும் வீண். கருங்கல் பாதைக்கு அடிக்கடி போகிறவர் என்றால் டயருக்கு முன்னால், தூக்குவதற்கு முன்னால், ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் லாக்கருக்கும் முன்னால் இதை வாங்குங்கள். இருக்கிற டயரிலேயே போதும். 84 போதாது என்று பிற்பாடு தோன்றினால், பின்பெட்டியில் 2.28-க்குப் பதில் 4.70 கீர் போட வழி இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை.

முதல் நாள் மாட்டியபோது இணைப்புத் தட்டின் விளிம்பில் சீலன்ட்டை நானே தடவினேன், கசிந்தால் பழி என்மேல் என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டு. இரண்டாவது கோடை முடிந்து வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்தேன். மூன்று வாரம் கழித்து நேற்று எடுத்துப் பார்த்தேன். அட்டையில் ஒரு சொட்டு இல்லை.